கொட்டேஷனுக்குக் காசு கேட்கலாமா?

வீடு கட்டுவது என்று முடிவானதும் நாம் முதலில் செய்வது நாலு பேரிடம் விலை கேட்பது. தெரிந்த மேஸ்திரி ஒருவர், மைத்துனர் சொன்ன இன்ஜினியர் ஒருவர், மெயின் ரோட்டில் போர்டு வைத்திருக்கும் கட்டுமான நிறுவனம் ஒன்று. மூன்று பேரும் வந்து மனையைப் பார்க்கிறார்கள், டேப் பிடித்து அளக்கிறார்கள். மேஸ்திரி நின்ற இடத்திலேயே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்ஜினியர் இரண்டு வாரம் கழித்து முப்பது பக்கத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொண்டுவந்து தருகிறார். நாம் வீட்டில் பேசி, கடைசியில் மேஸ்திரியிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த வாரம் இன்ஜினியரிடமிருந்து போன்: "சார், எஸ்டிமேட் சார்ஜ் பதினஞ்சாயிரம் வரணும்."

நமக்குச் சுருக்கென்கிறது. விலை சொல்வதற்குக்கூடக் காசா? கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லவில்லையே? அவருக்கோ வேறு வருத்தம். இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு. வாங்கி வைத்துக்கொண்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்களே என்று. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் அடுத்தவரை ஏமாற்ற நினைத்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு மாதத்துக்குள் பேச்சு நின்றுவிடும். ஊரில் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். டீ ஆறுவதற்குள் தீர்த்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது. ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில், கொட்டேஷன் என்பது சட்டத்தின் கண்ணில் என்ன? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. இன்றைக்கும் நாம் வீடு கட்டக் கொடுப்பது அதன் கீழ்தான். "இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தச் சட்டப்படி அது ஒரு முன்மொழிவு. நாம் சரி என்றால் ஒப்பந்தம் ஆகிறது. வேண்டாம் என்றால் அத்தோடு போயிற்று. வேண்டாம் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வந்துபோன பெட்ரோல், போட்ட கணக்கு, தட்டச்சு செய்த காகிதம் எல்லாம் வேலையைப் பிடிப்பதற்காக அவர் போட்ட முதல். வேலை கிடைத்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் தொழிலில் வரும் நஷ்டம்.

ஆகவே பொதுவான விதி நமக்குச் சாதகமானதுதான்: முன்கூட்டிக் கட்டணம் பேசாத சாதாரண கொட்டேஷனுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு கொட்டேஷன் ஓசியில் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காண்ட்ராக்டர் ஐந்து இடத்துக்கு விலை கொடுத்து ஒரு வேலையைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடத்துக்கும் அலைந்த செலவு எங்கே போகும்? அந்த ஒரு வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். அவர் சதுர அடி விலைக்குள் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். எனவே பத்துப் பேரிடம் சும்மா விலை கேட்டு வைக்கும் பழக்கம் யாருக்கும் இலவசமில்லை. வேறு யாரோ கேட்டுவிட்டுப் போனதற்கு நாம் கொடுக்கிறோம், நாம் கேட்டதற்கு வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த முப்பது பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம்: பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குல கனம். கன அளவு 75 கன அடி. கலவையையும் சேர்த்து ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலம் வரும் சேம்பர் கல் என்றால், ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 14 கல் பிடிக்கும். ஆக 1,050 கல். அந்தச் சுவரில் ஏழடிக்கு மூன்றடி வாசல் ஒன்று வந்தால் ஏறத்தாழ 220 கல்லைக் கழிக்க வேண்டும். வாசலுக்கு மேலே லிண்டல், அதற்குக் கம்பி, ஜல்லி, சிமென்ட், சென்டரிங் கூலி தனி. பிறகு இரண்டு பக்கமும் பூச்சு. உள்பூச்சுக்கு ஒரு கனம், வெளிப்பூச்சுக்கு வேறு கனம். இது ஒரு சுவர். ஒரு சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் மண்ணிலிருந்து மொட்டைமாடித் தட்டோடு வரை இப்படிப் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அளவு, அன்றைய விலை, கூலி, சேதாரம்.

மேஸ்திரி நின்ற இடத்தில் சொன்ன சதுர அடி விலையும் இந்த முப்பது பக்கமும் ஒரே பெயரில் புழங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் எஸ்டிமேட் என்கிறோம், இரண்டையும் கொட்டேஷன் என்கிறோம். ஒன்று அனுபவத்தில் வரும் மதிப்பு. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் அதில் அடங்குமா என்பதுகூடப் பிறகு வாய்ச்சண்டையாகும். இன்னொன்று வேலை. அதை வைத்து எந்த ஆளும் வீட்டைக் கட்டலாம், எந்த ஆளின் விலையையும் சரிபார்க்கலாம்.

எல்லோருக்கும் இருக்கும் அந்த ஒரு தவறான எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. "கொட்டேஷனுக்குக் காசு உண்டா, இல்லையா" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. விலை சொல்வது ஒன்று, விலை சொல்லும் சாக்கில் நடக்கும் தனி வேலை இன்னொன்று. முதலாவது அவருக்காக அவர் செய்வது. இரண்டாவது நமக்காக, நாம் கேட்டு, நமக்குப் பயன்படும்படி செய்வது. வீட்டுக்காரர்கள் இரண்டாவதையும் முதலாவதோடு சேர்த்து இலவசம் என்று நினைக்கிறார்கள். காண்ட்ராக்டர்கள் சிலர் முதலாவதையும் இரண்டாவதோடு சேர்த்துக் கட்டணம் என்று நினைக்கிறார்கள். சண்டை முழுக்க இந்த இரண்டும் கலந்துபோவதால் வருவதுதான்.

கல்யாணச் சமையலை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். சமையல்காரரைக் கூப்பிட்டு "ஐந்நூறு இலைக்கு என்ன கேட்பீங்க?" என்று விசாரிக்கிறோம். அவர் ஒரு தொகை சொல்கிறார். நமக்குக் கட்டுப்படியாகவில்லை. காபி கொடுத்து அனுப்புகிறோம், யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் அவரையே உட்காரவைத்து, "காலை டிபனுக்கு என்னென்ன, துவரம்பருப்பு எத்தனை கிலோ, நெய் எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, எல்லாம் எழுதிக் கொடுங்க" என்று மளிகைப் பட்டியலை எழுதி வாங்கி, அந்தப் பட்டியலை வைத்து வேறு சமையல்காரரிடம் கல்யாணத்தை நடத்தினால்? ஊரில் நாலு பேர் நம்மைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று நமக்கே தெரியும். அந்த நாலு பேர் சொல்வதைத்தான் நீதிமன்றங்களும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருக்கின்றன.

இங்கிலாந்தில் 1957-இல் தீர்ப்பான வழக்கு ஒன்று இந்த விஷயத்தில் மிகவும் பெயர் பெற்றது. வில்லியம் லேசி என்ற கட்டுமான நிறுவனம், லண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோவைச் சேர்ந்தது. எதிர்த்தரப்பு டேவிஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமான தன் கட்டடத்தைத் திரும்பக் கட்ட அவர் விலை கேட்டார். லேசி நிறுவனம் விலை கொடுத்தது. வேலை உங்களுக்குத்தான் என்று நம்பும்படி டேவிஸ் தரப்பு நடந்துகொண்டது. அந்த நம்பிக்கையில், அவர்கள் கேட்கக் கேட்க நிறுவனம் மேலும் மேலும் கணக்குப் போட்டுக் கொடுத்தது: எவ்வளவு மரம் வேண்டும், எவ்வளவு எஃகு வேண்டும், மாற்றி அமைத்தால் செலவு எப்படி மாறும். அந்தக் கணக்குகளைக் கொண்டுபோய் டேவிஸ் போர்ச் சேத ஆணையத்திடம் இழப்பீடு பேசினார். கடைசியில் வேறு ஒப்பந்ததாரரை வைத்துக்கொள்ளப் போவதாக லேசிக்குத் தகவல் வந்தது. உண்மையில் அவர் கட்டடத்தையே விற்றுவிட்டார்.

நீதிபதி பேரி இந்த வழக்கை இரண்டாக வெட்டிப் பார்த்தார். முதலில் கொடுத்த விலைக்குக் கட்டணம் இல்லை. போட்டியில் கலந்துகொள்கிறவர் அந்தச் செலவைத் தானே ஏற்பதுதான் வழக்கம். ஆனால் அதற்குப் பிறகு கேட்டு வாங்கிய கணக்குகள் வேறு. சாதாரணமாக ஒரு காண்ட்ராக்டர் வேலையைப் பிடிப்பதற்காகச் செய்யும் எதிலும் அவை அடங்காது; கட்டட உரிமையாளரின் தேவைக்காகச் செய்யப்பட்டவை, அவருக்குப் பயன்பட்டவை. எனவே அந்த உழைப்புக்கு நியாயமான ஊதியம் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். கட்டணம் பற்றி இரண்டு தரப்பும் பேசவே இல்லை என்பது அவரைத் தடுக்கவில்லை. எழுத்தில் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதற்காகச் செலவு செய்தவரெல்லாம் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. பிற்காலத்தில் அதே நாட்டில் ரீகாலியன் என்ற நிறுவனம் லண்டன் வாப்பிங் பகுதியில் குடியிருப்பு கட்டும் திட்டத்துக்காக வரைபடக்காரர்கள், பொறியாளர்கள் என்று ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு செலவழித்துவிட்டு, திட்டம் கைகூடாமல் போனதும் வழக்குப் போட்டது. தோற்றது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்று இரண்டு தரப்புமே தெரிந்து பேசிவந்த பேச்சு அது. செலவும் ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக அந்த நிறுவனம் தானே செய்தது. அப்படிச் செலவழித்தவர் துணிந்து இறங்குகிறார் என்றுதான் பொருள்.

இவை வெளிநாட்டுத் தீர்ப்புகள். நம் நாட்டில் இந்த நியாயம் சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் முறையாக இன்னொருவருக்காக ஒன்றைச் செய்கிறார், அதை இனாமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவிக்கிறார் என்றால், அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும், அல்லது பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். சட்டமே இரண்டு உதாரணங்களும் தருகிறது. வியாபாரி ஒருவர் தவறுதலாக நம் வீட்டில் சரக்கை இறக்கிவிட்டுப் போகிறார். நாம் அதை நம்முடையதாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டும். ஆனால் நம் சொத்து தீப்பிடித்தபோது ஒருவர் ஓடிவந்து காப்பாற்றுகிறார். அவர் இனாமாகச் செய்யத்தான் வந்தார் என்பது சூழ்நிலையில் தெரிந்தால் பிறகு கூலி கேட்க முடியாது.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியதும் ஒரு கட்டுமான வழக்கில்தான். வங்காளத்தில் ஆரம்பாக் என்ற ஊரில் 1944-இல் பி.கே. மண்டல் நிறுவனம் குடிமைப்பொருள் துறைக்காகச் சேமிப்புக் கொட்டகைகளும் சில சிறு கட்டடங்களும் பாதையும் போட்டுக் கொடுத்தது. அதிகாரிகள் கேட்டார்கள், எஸ்டிமேட் கொடுத்தார்கள், வேலையும் நடந்தது, அரசும் கட்டடங்களைப் பயன்படுத்தியது. பணம் என்று வந்தபோது, சட்டம் சொன்ன முறையில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை, அதனால் கொடுக்க வேண்டியதில்லை என்றது அரசு. ஒப்பந்தம் செல்லாது என்பது சரிதான், ஆனால் பலனை அனுபவித்ததற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இன்னொன்றையும் தெளிவாக்கியது: ஒருவர் செய்து கொடுப்பதை ஏற்பதும் மறுப்பதும் மற்றவர் விருப்பம். நாம் கேட்காததைத் தானாகச் செய்து கொண்டுவந்து நீட்டினால், நாம் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்போது நம் மேல் கடன் ஏறாது.

ஆக நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. இந்த வேலையை நாம் கேட்டோமா? அதன் பலனை எடுத்துக்கொண்டோமா? ஆரம்பத்தில் பார்த்த முப்பது பக்க எஸ்டிமேட்டை இதில் வைத்துப் பார்ப்போம். "விலை சொல்லுங்க" என்று மட்டும் நாம் கேட்டு, நம்மைக் கவர்வதற்காக அவராகவே முப்பது பக்கம் போட்டுவந்திருந்தால், பதினைந்தாயிரம் கேட்க அவருக்கு வலுவான ஆதாரம் இல்லை. நாம் அந்தக் கட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் "ஐட்டம் வாரியாகத் தனித்தனியாகப் போட்டுக் கொடுங்க, கம்பி எத்தனை டன் என்று எழுதுங்க" என்று கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலை மேஸ்திரி கையில் கொடுத்து "இதைவிடக் குறைச்சுச் சொல்லுங்க" என்று பேரம் பேசியிருந்தால், நியாயம் இன்ஜினியர் பக்கம் போய்விட்டது. இதை நான் மழுப்பாமல் சொல்லிவிட விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. செய்கிறவர்களும் நல்ல மனிதர்கள்தான்.

இதிலும் அதிகமாக மனஸ்தாபம் வருவது வங்கிக்காகப் போடும் எஸ்டிமேட்டில். வீட்டுக் கடன் கேட்டுப் போனால், மனைப் பத்திரத்தோடு, அனுமதி பெற்ற வரைபடத்தோடு, பொறியாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கட்டுமானச் செலவு மதிப்பீட்டையும் வங்கி கேட்கும். நாம் தெரிந்த இன்ஜினியரிடம் போய் "ஒரு பேங்க் எஸ்டிமேட் போட்டுக் கொடுங்க, வேலையை உங்களுக்கே தரேன்" என்கிறோம். அவரும் அந்தப் பேச்சை நம்பிக் காசு கேட்காமல் போட்டுத் தருகிறார். கடன் கிடைக்கிறது. பிறகு வேறு காரணங்களால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுகிறது. இங்கே கேட்டதும் நாம்தான், பலனை அனுபவித்ததும் நாம்தான். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் வங்கி கடனை முடிவு செய்தது. போர்ச் சேத ஆணையத்திடம் டேவிஸ் கொண்டுபோன கணக்குக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. போதாததற்கு, வங்கி கடனை ஒரே தவணையில் தராது. பேஸ்மென்ட் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் மட்டம் வந்ததும் கொஞ்சம், கூரை போட்டதும் கொஞ்சம் என்று விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொறியாளர் சான்று கேட்டால், மனம் நொந்துபோன அதே மனிதரிடம்தான் மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும்.

மண் பரிசோதனையில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வருவதில்லை. ஆட்கள் வந்து துளை போட்டு, அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவதை நாமே கண்ணால் பார்க்கிறோம். உழைப்பு தெரிகிறது, காசு கொடுக்கிறோம். வீட்டின் கம்பிக் கணக்கைப் போடும் ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலை, எத்தனை கம்பி, எத்தனை மில்லிமீட்டர், எங்கே வளைப்பது என்று ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்வது. அந்த உழைப்பு நம் கண்ணில் படுவதில்லை, அதனால் அது கொட்டேஷனோடு சேர்ந்துவிடுகிறது. வரைபடமும் அப்படித்தான். அதில் இன்னொரு விஷயமும் உண்டு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரைபடத்தின் உரிமை, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, வரைந்தவருடையது. ஒருவர் போட்ட பிளானை அவருக்குக் காசு கொடுக்காமல் இன்னொருவரிடம் கொடுத்துக் கட்டினால், கட்டணப் பிரச்சினையோடு பதிப்புரிமைப் பிரச்சினையும் சேரும்.

சரி, கொடுக்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு? இங்கே காண்ட்ராக்டர்கள் பக்கம் ஒரு தவறு நடக்கிறது. "உங்க பிராஜெக்ட் ஐம்பது லட்சம், அதில் இரண்டு பர்சென்ட் கொடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முன்னால் பேசி ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு நிற்கும். பேசாமல் இருந்தால் நிற்காது. முன்கூட்டிப் பேசாதபோது கேட்கக்கூடியது செய்த வேலைக்கு நியாயமான கூலி மட்டும்தான். அந்த ஊரில் அந்த அளவு வேலைக்கு இன்னொரு பொறியாளர் என்ன வாங்குவார், எத்தனை நாள் உழைப்பு, எத்தனை முறை வந்தார் என்பதுதான் அளவுகோல். கைக்கு வராத வேலையின் லாபத்தை எஸ்டிமேட் சார்ஜ் என்ற பெயரில் வசூலிக்க முடியாது. அப்படி ஒரு பெரிய தொகை கேட்டு வந்தால், "எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே இறங்கிவிடும்.

முன்பணம் கொடுத்தவர்கள் கதை வேறு. பெரிய நிறுவனங்கள் சில, பிளானும் எஸ்டிமேட்டும் போடுவதற்கு முன்பே புக்கிங் தொகை என்று ஒன்றை வாங்கிக்கொள்கின்றன. வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் திரும்ப வராது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கழித்துக்கொள்வோம் என்பது நல்ல ஏற்பாடுதான், நானும் ஆதரிக்கிறேன். இரண்டு தரப்புக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது. ஆனால் திரும்ப வராது என்று அச்சடித்துவிட்டதாலேயே எந்தத் தொகையையும் முழுதாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு. ஒரு மாதிரி வரைபடத்தை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டால் நாம் கேள்வி கேட்கலாம்.

கேட்க இடம் எது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நாம் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லிப் பார்க்கலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இலவசமாகச் செய்த சேவையை இந்தச் சட்டம் கணக்கில் எடுக்காது. ஓசியில் வாங்கிய எஸ்டிமேட் தப்பாக இருந்து நமக்கு நஷ்டம் வந்தால் நுகர்வோர் என்று போய் நிற்க முடியாது. இரண்டாயிரமோ ஐயாயிரமோ கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் நிற்கலாம். கட்டணம் கொடுப்பதில் நமக்கு இருக்கும் லாபத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

இன்ஜினியர், காண்ட்ராக்டர் பக்கம் பார்த்தால், செய்த வேலைக்குக் கூலி கேட்டு உரிமையியல் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. ஆனால் பதினைந்தாயிரத்துக்காக முன்சீப் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. வழக்குப் போடும் முன்பே சமரசம் பேசிவைக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கிறது. 15100 அவர்களுடைய உதவி எண். இந்த மாதிரிச் சின்னத் தகராறுக்கு அதுதான் பொருத்தமான இடம். வாட்ஸ்அப்பில் "எஸ்டிமேட் எப்ப சார் ரெடியாகும், பேங்க்ல கேக்கிறாங்க" என்று நாம் அனுப்பிய ஒரு வரிகூட அங்கே எடுத்துக் காட்டப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கேட்டோமா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இவ்வளவு தூரம் வராமல் இருக்க, மனையைப் பார்க்க ஒருவரைக் கூப்பிடும் அன்றே ஒரு செய்தி அனுப்பிவிட்டால் போதும். இப்படி எழுதலாம்: "சார், நாளைக்கு மனையைப் பாத்து சதுர அடி ரேட் மட்டும் சொல்லுங்க. நாங்க மூணு பேர்கிட்ட கேக்கிறோம். ஐட்டம் வாரியா எஸ்டிமேட்டோ பிளானோ வேணும்னா தனியா சொல்றோம், அதுக்கு உங்க சார்ஜ் எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வேலை உங்களுக்கே வந்தா அதை பில்லில் கழிச்சுக்கலாமா?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல இன்ஜினியர்கள் இப்படிக் கேட்கும் வீட்டுக்காரரை விரும்புவார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பணம் பற்றி முதலில் வாயைத் திறக்கக் கூச்சம் இருக்கிறது. காண்ட்ராக்டர்களும் தங்கள் முதல் காகிதத்தின் அடியிலேயே எது இலவசம், எதற்கு எவ்வளவு என்று இரண்டு வரி அச்சடித்துக்கொள்ளலாம். முதலில் சொல்லாத கட்டணத்தைக் கடைசியில் கேட்பதைப் போல வீட்டுக்காரரின் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு யாராவது ஒரு இன்ஜினியர் முகம் நினைவுக்கு வந்தால், அவர் போட்ட எஸ்டிமேட்டை வைத்து நீங்கள் கடன் வாங்கியிருந்தால், அல்லது அவர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரைக் கூப்பிட்டு "உங்களுக்கு நான் எவ்வளவு தரணும் சார்?" என்று கேட்டுவிடுங்கள். வீடு முடிவதற்குள் அந்தக் கணக்கை நேர் செய்துவிடுவது நல்லது.